மதக் குழு ஒன்றை விட்டு வெளியே வந்த பிறகு யாரிடம் போய்ப் பேசுவது?

வெளியே வந்து எட்டு மாதமாகிறது, தூக்கம் வரவில்லை, வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எட்டு மாதத்தில் நான் உங்களைவிட மோசமாக இருந்தேன்.

என்னுடையது ஒரு சிறிய சபை. மாடியில் வாடகைக் கூடம், எழுபது எண்பது பேர். பூ, நகை கூடாது, சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம், யாரைக் கல்யாணம் செய்வது என்பதும் போதகர் ஐயா வாயிலிருந்துதான் வரவேண்டும். விலகுகிறவர்களுக்கு 'பின்மாற்றக்காரர்' என்று பெயர். அந்தப் பெயர் எனக்கு விழுந்ததும், பதினோரு ஆண்டு ஒரே பாயில் என்னோடு ஜெபித்த அக்கா, பஸ் நிறுத்தத்தில் என்னைக் கண்டால் செல்போனுக்குள் குனிந்துகொண்டார்.

விலகி ஓராண்டு கழித்து, ஒரு மாலை வீடு திரும்பினால் கதவு திறந்து கிடக்கிறது. அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கிறது. அம்மா இல்லை. இயேசுவின் இரண்டாம் வருகை நடந்துவிட்டது, அம்மா வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார், நான் கைவிடப்பட்டேன் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சற்று நேரத்தில் அம்மா பக்கத்து வீட்டிலிருந்து கறிவேப்பிலையோடு வந்தார். மற்றவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

இத்தகைய பாதிப்புகளுக்கு மார்லின் வினெல் என்ற அமெரிக்க உளவியலாளர் 2011இல் தனிப் பெயரே வைத்தார். ஆனால் அதிகாரபூர்வ நோய்ப் பட்டியலில் அது இல்லை. ஆகவே மருத்துவரிடம் பெயரைத் தேடிக்கொண்டு போகாமல், தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, தண்டனை வரும் என்று பயமாக இருக்கிறது என்று உள்ளதைச் சொல்லுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவே போதும். நள்ளிரவில் தாங்க முடியாமல் போனால் 14416, மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம், தமிழில் பேசலாம்.

நான் முதலில் பார்த்த ஆலோசகர் அரை மணி நேரம் கேட்டுவிட்டு, "நல்ல சபையாகப் பார்த்துப் போங்களேன்" என்றார். கட்டணம் வேறு! இரண்டாமவரிடம் உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன்: ஜெபமும் வேண்டாம், கடவுள் இல்லை என்ற பாடமும் வேண்டாம். அவரிடம் ஓராண்டு போனேன்.

அதைவிடக் கடினமாக இருந்தது ஞாயிறு காலை பத்து மணி. அந்த நேரத்தை என்ன செய்வதென்றே தெரியாது. பள்ளித் தோழி ஒருத்திக்கு, கோயிலில் நடந்தது என்பதற்காகவே அவள் கல்யாணத்துக்குப் போகாதவள் நான், நீண்ட மன்னிப்புக் கடிதம் எழுதி அழித்துவிட்டு, "எப்படி இருக்கிறாய்?" என்று மட்டும் அனுப்பினேன். "ஞாயிற்றுக்கிழமை வா, மீன் குழம்பு வைக்கிறேன்" என்று பதில் வந்தது. கிளம்பும்போது ஒரு முழம் மல்லிகையை நீட்டினாள். தலையில் வைக்கத் துணியாமல் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் பழுப்பேறிக் கிடந்தது. அடுத்த வாரமும் கொடுத்தாள். முந்தையதைப் பற்றிக் கேட்கவில்லை.

வீட்டாரிடம் வசனத்தை வைத்து வாதாட வேண்டாம். ஆறு மாதம் செய்து பார்த்துவிட்டேன். அம்மா இன்னும் அதே சபைக்குத்தான் போகிறார். எங்களுக்குள் மழை, தக்காளி விலை, தம்பி மகனுக்கு முளைத்த பல், இவைதான் பேச்சு.