பாலாத்து மட்டிய வாத்துக்கு போடலாமா?

கேள்வி: வாலாஜா பக்கம் பாலாறு ஓரமா நிலம். முத்து வளர்க்கலாம்னு ஆத்துப் பள்ளத்துல 300 மட்டி எடுத்து தொட்டில விட்டேன், அஞ்சாம் நாள்ல இருந்து வாய் பொளந்து சாவுது. டிடிஎஸ் மீட்டர்ல தண்ணி நல்லாதான் காட்டுது. செத்தத வாத்துக்கு போடலாமா?

பதில்: அண்ணே, வாத்துக்கு மட்டும் போட்டுடாதீங்க. டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பு எவ்ளோன்னுதான் சொல்லும், அதுல குரோமியம் இருக்கா ஈயம் இருக்கான்னு அதுக்கு தெரியாது. உங்க பக்கம் டேனரில குரோமியம் உப்பு போட்டுதான் தோல் பதனிடுறாங்க, வருஷக்கணக்கா ஆத்துல விட்டதுல நெறைய சேத்துல படிஞ்சு கெடக்கு, மேல தண்ணி தெளிஞ்சு இருந்தாலும் மட்டி பாதி உடம்ப அந்த சேத்துல பொதைச்சுகிட்டு நாள் பூரா தண்ணிய செவுள் வழியா இழுத்து வடிகட்டித்தான் சாப்பிடுது, அந்த உலோகம் அப்படியே மட்டி சதைல சேந்துகிட்டே போகும். 1996லயே சுப்ரீம் கோர்ட் வேலூர் டேனரி கேஸ்ல தீர்ப்பு சொல்லியாச்சு, 2025 ஜனவரில அதே பாலாறுக்காக மறுபடி உத்தரவு போட வேண்டி வந்துச்சு, நெனச்சா வயிறு எரியுது.

செத்ததுக்கு தொட்டில அமோனியா ஏறினதும் காரணமா இருக்கலாம், ஒன்னு அழுகினா பக்கத்துல இருக்கறதையும் கொண்டு போயிடும், செத்தத உடனே எடுத்துடுங்க. உயிரோட இருக்கறத தட்டிப் பாருங்க, நல்ல மட்டி டக்குனு மூடிக்கும். மெதுவா மூடுது, நகர்றதுக்கு இருக்கற அதோட சதைக்கால் நாக்கு மாதிரி வெளிய தொங்குது, தொறந்தா செவுள்ல கொழகொழன்னு சளின்னா அது ரொம்ப நொந்து போயிருக்குன்னு அர்த்தம். ஆனா பாக்க நல்லா இருக்கற மட்டிலயும் உலோகம் இருக்கும், கண்ணால கண்டுபிடிக்க முடியாது. நல்ல தண்ணில ரெண்டு நாள் விட்டா மணலும் குடல் அழுக்கும்தான் போகும், காட்மியம் மாதிரி விஷ உலோகம்லாம் மாசக்கணக்குல ஆனாலும் சுலபமா எறங்காது. வேகவச்சாலும் போகாது.

முத்துக்கும் இது வேணாம்ணே. முத்துப் பூச்சு போடுறதே ஓட்டுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கற அந்த மெல்லிசு சதைதான், ஏற்கனவே நொந்த மட்டில ஆபரேஷன் பண்ணி கரு (முத்து மேல படியறதுக்கு உள்ள வைக்கற சின்ன மணி) வச்சா ஒரு வருஷத்துக்கு மேல தாங்கறது கஷ்டம். டேனரி தண்ணி சேராத, மழைத்தண்ணி ஏரி மட்டியா பாத்து வாங்குங்க.

பத்து மட்டி சதைய ஐஸ்ல வச்சு, கூடவே எடுத்த எடத்து சேறு ஒரு கிலோ, என்ஏபிஎல் அங்கீகாரம் வாங்கின டெஸ்ட் லேப்ல குடுத்து குரோமியம், காட்மியம், ஈயம் மூணும் பாக்க சொல்லுங்க. தண்ணி மட்டும் குடுத்துட்டு வந்துடாதீங்க. ஏற்கனவே வாத்துக்கு போட்டிருந்தீங்கன்னா ஈயம் முட்டை மஞ்சக்கருவுக்கு போகும், காட்மியம் ஈரல்லயும் கிட்னிலயும் தங்கும், அதனால ரெண்டு மூணு முட்டையும் சேத்து அனுப்புங்க, ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்த முட்டைய வீட்டு புள்ளைங்களுக்கு குடுக்காதீங்க.