புழக்கடைக்கு 3,000 ரூபாய்: லோடு மண்ணை நிறுத்துங்கள், கடப்பாரையை எடுங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். காரிமங்கலம் பக்கம் கிராமம். போன வருடம் புதிதாக மெத்தை வீடு கட்டினோம். பின்னால் 3 சென்ட் வெறும் தரையாகக் கிடக்கிறது. கட்டட வேலையில் கொட்டிய ஜல்லியும் சிமென்ட் கட்டியும் மேலே, அதற்குக் கீழே மொரம்பு. இதுவரை வைத்த நாலைந்து செடியும் மஞ்சளாகி நின்றுவிட்டது. போர் தண்ணீர் உப்பு, காய்ந்தால் தரையில் வெள்ளையாகப் பூக்கிறது. குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான் போதும். இரண்டு ஆடு, ஆறு கோழி இருக்கின்றன. செம்மண் ஒரு டிராக்டர் லோடு அடித்து, கொரியன் புல் பதித்து, ஒரு மா, ஒரு எலுமிச்சை வைக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். கையில் 3,000 ரூபாய்தான். வேலை செய்ய நானும் மகனும். சரிவருமா?

பதில்: வணக்கம் அம்மா. வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது, இது சரிவராது. லோடு மண்ணிலேயே பணம் முக்கால்வாசி போய்விடும். அந்த மண் எங்கே தோண்டியது, அதில் என்ன இருக்கிறது என்று டிராக்டர்காரருக்கே தெரியாது. என் வீட்டுக்கு அப்படி ஒரு லோடு இறக்கினேன். பார்க்கக் குங்குமம் போல இருந்தது. முதல் மழைக்குப் பின் கோரை முளைத்தது பாருங்கள், நாலு வருடமாகக் கிழங்கு கிழங்காகப் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். மொரம்பின் மேல் அரையடி செம்மண்ணைப் பரப்பினாலும் வேர் அதைத் தாண்டியதும் பழையபடி மொரம்பில்தான் முட்டும்.

முதலில் ஒரு சோதனை. கோடை மழை பெய்து தரை நெகிழ்ந்திருக்கும் நாளில், மூன்று இடத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பாருங்கள். அரை மணியில் வடிந்தால் வெறும் மொரம்பு. தண்ணீர் நிற்காது, மக்கிய எரு சேர்த்தால் போதும். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அடியில் சுக்கான், அதாவது இறுகிப்போன சுண்ணாம்புக்கல் அடுக்கு, இருக்கிறது. குழியின் நடுவில் கடப்பாரையால் இன்னும் ஓர் அடி குத்தி அதை உடைக்க வேண்டும். உடைக்காமல் மரம் வைத்தால் மழைக்காலத்தில் வேர் அழுகும், குறிப்பாகப் பப்பாளி இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே போய்விடும்.

செடி மஞ்சளானதாகச் சொன்னீர்களே, இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று நடுப்பகுதி வெளுத்திருந்ததா? அப்படியானால் அது சிமென்டின் வேலை. சிமென்டில் உள்ள சுண்ணாம்பு மண்ணில் இறங்கினால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது. ஒரு பிடி மண்ணின் மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்து காதருகே வையுங்கள். சுர்ரென்று நுரைத்தால் சுண்ணாம்பு அதிகம். அவசரத்துக்கு அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளித்தால் கொழுந்து பச்சையாக வரும். ஆனால் கட்டியைப் பொறுக்காமல் தெளித்துக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை. கொட்டியதையெல்லாம் பொறுக்கி, வீட்டிலிருந்து வேலி வரை இரண்டடி அகலத்துக்கு நடைபாதையாகப் பரப்பிவிடுங்கள். மகனுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை.

அதன் பிறகு செடி வாங்கப் போகாதீர்கள், பலதானியம் விதையுங்கள், வளர்ந்ததும் மண்ணோடு மடக்கினால் அதுவே உரம். ஏக்கருக்கு 20 கிலோ என்பது கணக்கு, அதாவது சென்டுக்கு 200 கிராம். உங்கள் தரை மோசம் என்பதால் 3 சென்டுக்கும் சேர்த்து ஒரு கிலோ போடலாம். கேழ்வரகு, சாமை, கொள்ளு, தட்டைப்பயறு, உளுந்து, எள், ஆமணக்கு, கொத்தமல்லி என்று பானையில் இருப்பதைக் கலந்தால் போதும், சணப்பு விதை மட்டும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். கொள்ளு எந்த வறண்ட தரையிலும் பிடித்துக்கொள்ளும், அதைத் தாராளமாகப் போடுங்கள். விதைத்த அன்றே கோழி வந்து நிற்கும். முளைத்து நாலு இலை விடும் வரை சீமைக்கருவேல முள்ளைப் பரப்பி வையுங்கள். வைகாசி நடுவில் விதைத்தால் ஆடி பிறக்கும்போது 45 நாள் ஆகி, பூவெடுத்து நிற்கும். விதை பிடிக்கும் முன் அறுத்து, கொத்தி, மண்ணோடு மடக்கிவிடுங்கள். ஆட்டுப் புழுக்கையையும் அப்போதே சேருங்கள். ஆடிப் பட்டம் போகிறதே என்று கை பரபரக்கும். வேலியோரம் குழி எடுத்து அவரையும் பீர்க்கனும் ஊன்றிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் ஆவணிக்கு.

தண்ணீருக்கு வருகிறேன். உங்கள் மெத்தைத் தளம் 600 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், 10 மில்லிமீட்டர் மழைக்கே 500 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுகிறது. அது இப்போது சந்தில் ஓடுகிறது, இல்லையா? மெத்தைக் குழாயின் வாயில் ஒரு வளைவும் பத்தடி பைப்பும் மாட்டி, சரிவுக்குக் குறுக்கே வெட்டிய ஓர் அடி வாய்க்காலில் விடுங்கள். உங்கள் 3,000 ரூபாயில் முதல் செலவு இதுதான். மழைத் தண்ணீர் இறங்க இறங்க மேலே பூத்த உப்பும் கீழே போகும்.

அரிசி கழுவுவதும் பாத்திரம் கழுவுவதும் ஒகேனக்கல் தண்ணீரில்தானே? அது வாழைக்கு. மூன்றடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு குழி எடுத்து, தேங்காய் மட்டை, சருகு, பலதானியத் தண்டு எல்லாவற்றையும் மேடு கட்டும்படி அடைத்து, சுற்றிலும் மூன்று வாழைக் கன்று வையுங்கள். குழி அடைந்தே இருந்தால் தண்ணீர் வெளியே தெரியாது, கொசுவும் வராது. சருகு இறங்க இறங்க மேலே போட்டுக்கொண்டே இருங்கள். துணி துவைத்த தண்ணீரை மட்டும் அதில் விடாதீர்கள், சோப்புத்தூளின் உப்பு மண்ணை இறுக்கிவிடும். போர் தண்ணீரை விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் தினமும் தெளிக்காதீர்கள். இடைவெளி விட்டு, வேருக்குக் கீழே இறங்கும்படி நிறைய ஊற்றி, மேலே நிலக்கடலை ஓட்டாலோ மாஞ்சருகாலோ மூடிவிடுங்கள். கேழ்வரகுத் தாளை மூடாக்குக்குப் போடாதீர்கள், ஆடு மாட்டின் வாயில் போக வேண்டியது அது.

மா விஷயம். நம் பக்கத்தில் மா இல்லாத வீடு என்றால் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள், தெரியும். பழைய இடைவெளிக் கணக்கில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் என்றால் ஒரே மரத்துக்கு ஏறக்குறைய இரண்டரை சென்ட். உங்கள் மூன்று சென்டும் அதன் நிழலுக்கே சரியாகப் போய்விடும். ஆசையை விட முடியாவிட்டால் நிலம் இருந்தால் அதன் வரப்பில் ஒரு செந்தூரா ஒட்டு வையுங்கள், புழக்கடையில் வேண்டாம். எலுமிச்சைக்கு உப்புத் தண்ணீர் ஆகாது, இலை நுனி கருகி உதிரும். கொய்யாவோ சப்போட்டாவோ தாங்கும். ஒன்று மட்டும், சுவரிலிருந்தும் கக்கூஸ் தொட்டியிலிருந்தும் பதினைந்தடி தள்ளி, மேற்குப் பக்கமாக வையுங்கள், மாலை வெயிலை மறிக்கும். குழி இரண்டடிக்கு இரண்டடி. அடியில் தேங்காய் மட்டையைக் கவிழ்க்காமல், உட்குழி மேலே பார்க்கும்படி ஒரு வரிசை அடுக்கினால் ஒவ்வொரு மட்டையும் ஒரு கிண்ணம் போலத் தண்ணீரைப் பிடித்து வைக்கும்.

முருங்கை இரண்டு போதும், பெரியகுளம்-1 விதையை நேரடியாக ஊன்றுங்கள். இரண்டரை அடி உயரம் வந்ததும் நகத்தால் கொழுந்தைக் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை அடிக்கும், காய் கைக்கு எட்டும். ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். கறிவேப்பிலையும் ஒரு பாத்தி கீரையும் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

வேலிக்குக் காசு போடாதீர்கள். கிளுவைப் போத்தை மழைக்கு முன் ஓர் அடி இடைவெளியில் நடுங்கள், உள்வரிசையில் நொச்சியும் ஆடாதொடையும். இந்த இரண்டிலும் ஆடு வாய் வைக்காது.

கொரியன் புல்லை மறந்துவிடுங்கள். அது தினமும் குடிக்கும், மாதாமாதம் வெட்டச் சொல்லும். வீட்டையொட்டிப் பத்தடிக்குப் பத்தடி தரையைத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, சாணம் மெழுகி வைத்தால் கேழ்வரகு காயவைக்கலாம், புளி கொட்டை எடுக்க நாலு பேர் உட்காரலாம்.

மண்ணில் அரை கிலோவும் போர் தண்ணீரில் அரை லிட்டரும் எடுத்து, தர்மபுரி மண் பரிசோதனை நிலையத்திலோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுங்கள். அந்த அறிக்கையையும், மூன்று குழியிலும் தண்ணீர் வடிய எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் எழுதி அனுப்புங்கள். கொய்யாவா சப்போட்டாவா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.