சுண்ணாம்புக் குன்றும் தர்பார் மண்டபமும்: வைட் தீவு பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில், இங்கிலாந்தின் தெற்குக் கரையை ஒட்டியிருக்கும் ஐல் ஆஃப் வைட் தீவுக்கு வழிகாட்டியோடு நான்கு நாள் போய் வந்ததை நாலு வரியில்தான் சொல்லியிருந்தேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, முடிந்த வரை பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அப்பா, அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். இருவருக்கும் 70 நெருங்குகிறது. வழிகாட்டியோடு போகும் மூன்று இரவுப் பயணம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். நாமே ரயில் ஏறிப் போய்விட முடியாதா, எதற்கு இவ்வளவு பணம் என்கிறார் கணவர். (வாசகி, குரோய்டன்)

அவர் சொல்வது தப்பில்லை. தீவு மொத்தமே சுமார் 380 சதுர கிலோமீட்டர்தான், பஸ் வசதி நன்றாக இருக்கிறது, இளவயதுக்காரர்கள் தாங்களாகவே சுற்றிவிடலாம். ஆனால் இந்தத் தீவின் நல்ல விஷயங்கள் பல, பார்த்தவுடன் ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றுபவை. ஒரு கோட்டைச் சுவரில் ஒரு ஜன்னல், ஒரு கடற்கரையில் வழவழப்பான ஒரு கல், புல் மூடிய ஒரு மேடு, அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். அதன் கதையைச் சொல்ல ஆள் வேண்டும். நல்ல வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் அதற்குத்தான்.

பணம் கட்டும் முன் ஒன்று மட்டும் செய்யுங்கள், நிகழ்ச்சி நிரலை எடுத்து ஒரு நாளைக்கு எத்தனை இடம் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஐந்து, ஆறு என்று இருந்தால் வேண்டாம், பெற்றோரை வண்டியிலிருந்து இறக்குவதும் ஏற்றுவதுமாகவே பொழுது போய்விடும். இரண்டு, மிஞ்சினால் மூன்று இருக்கலாம். நான் போன பயணத்தில் விக்டோரியா ராணி வாழ்ந்த ஆஸ்போர்ன் மாளிகைக்கு ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்தார்கள். நான் மிகவும் பார்க்க விரும்பிய மண்டபத்தின் வாசலில் நிற்கும்போது வண்டிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மறுநாள் மதியம் மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் நான் தனியாக பஸ் பிடித்து, மறுபடி டிக்கெட் எடுத்துப் பார்த்தேன். உங்கள் பெற்றோரால் அப்படி ஓட முடியாது, அதனால்தான் முன்னாலேயே கேட்கச் சொல்கிறேன்.

கேள்வி: தீவுக்குத் தனி விசா வேண்டுமா? (வாசகர், லெஸ்டர்)

வேண்டாம். ஐல் ஆஃப் மேன், ஜெர்சி போன்றவை பிரிட்டிஷ் அரசரின் கீழ் இருந்தாலும் ஐக்கிய இராச்சியத்தில் சேராதவை, அந்தக் குழப்பம்தான் பலருக்கும். வைட் தீவு இங்கிலாந்தின் ஒரு பகுதி. பிரிட்டனுக்குள் இருக்க அனுமதி உள்ளவர் அப்படியே கப்பல் ஏறலாம்.

கேள்வி: கடலைக் கடக்க எது நல்ல வழி? அம்மாவுக்குக் கப்பல் என்றாலே தலைசுற்றல். (வாசகி, ரெடிங்)

நடுவில் இருப்பது சோலன்ட் என்கிற குறுகிய கடல்தான், பயப்பட வேண்டாம். சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் கார் ஏற்றும் பெரிய கப்பலில் போகும். போர்ட்ஸ்மவுத்திலிருந்து ஃபிஷ்போர்னுக்கு முக்கால் மணி நேரம், சவுத்தாம்ப்டனிலிருந்து ஈஸ்ட் கவுஸுக்கு ஒரு மணி நேரம், லிமிங்டனிலிருந்து யார்மவுத்துக்கு நாற்பது நிமிடம் போல. நீங்களாகப் போனால் சவுத்ஸீயிலிருந்து ரைடு ஊருக்கு ஹோவர்கிராஃப்ட் இருக்கிறது, பத்தே நிமிடம். தண்ணீரிலிருந்து அப்படியே மணல்மேல் ஏறி வந்து நிற்கும், குழந்தைகள் இருந்தால் அதற்காகவே போகலாம்.

எனக்குப் பிடித்தது போர்ட்ஸ்மவுத் துறைமுகத்திலிருந்து ரைடு பாலத்துக்கு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் இறங்குதுறைக்கு, போகும் சின்னக் கப்பல். இங்கே அலை இறங்கினால் கடல் வெகு தூரம் பின்வாங்கிவிடும், வெறும் ஈரமணல்தான் இருக்கும். பாலம் வருவதற்கு முன்னால் படகில் வந்த பயணிகளை ஆட்கள் முதுகில் சுமந்தும் வண்டியில் ஏற்றியும் கரை சேர்த்தார்களாம். அதற்காகத்தான் 1814இல் இந்த நீண்ட பாலத்தைக் கட்டினார்கள். கப்பலிலிருந்து இறங்கினால் பாலத்தின் மேலேயே ரயில் நிற்கும், ஏறிப் பார்த்தால் லண்டன்காரர்களுக்கு எங்கேயோ பார்த்த முகமாக இருக்கும். லண்டன் பாதாள ரயிலின் டிஸ்ட்ரிக்ட் லைனில் ஓடிய பெட்டிகளைத்தான் புதுப்பித்து 2021 முதல் இங்கே ஓட்டுகிறார்கள். ரைடு ஊருக்கு அடியில் போகும் சுரங்கத்தின் கூரை தாழ்வானது, சாதாரண ரயில் பெட்டி நுழையாது, அதனால் பல பத்தாண்டுகளாகவே லண்டன் பாதாள ரயில்களுக்கு இதுதான் ஓய்வுகால வீடு.

கேள்வி: நம் பணத்தைக் கொள்ளையடித்துக் கட்டிய மாளிகைகளை நாம் ஏன் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும்? கோபமாகவே கேட்கிறேன். (வாசகர், ஈஸ்ட் ஹாம்)

கோபம் நியாயம்தான். நானும் அதே மனநிலையோடுதான் ஆஸ்போர்னுக்குள் போனேன். ஆனாலும் போய்ப் பாருங்கள் என்றே சொல்வேன், ஏனென்றால் அங்கே இருப்பது அவர்கள் கதை மட்டும் இல்லை.

விக்டோரியா ராணியும் கணவர் ஆல்பர்ட்டும் 1845இல் அந்த இடத்தை வாங்கினார்கள். சோலன்ட் கடலைப் பார்த்தால் நேப்பிள்ஸ் விரிகுடா நினைவுக்கு வருகிறது என்று ஆல்பர்ட் சொல்வாராம், அதனால் வீட்டையும் இத்தாலிய பாணியிலேயே கட்டினார்கள். ஆல்பர்ட் 1861இல் போய்விட்டார், ராணி 1901 ஜனவரி 22ஆம் தேதி இதே வீட்டில் இறந்தார். சரி, இதெல்லாம் எல்லா வழிகாட்டியும் சொல்வது.

நான் சொல்ல வருவது தர்பார் மண்டபம். 1890களின் தொடக்கத்தில் கட்டியது. லாகூரிலிருந்து வந்த பாய் ராம் சிங் என்ற கைவினைக் கலைஞர் இதற்கு வடிவம் கொடுத்தார். கூரையையும் சுவரையும் ஒரு அங்குலம் விடாமல் இழைத்திருக்கிறார், கணப்பு அடுப்புக்கு மேலே ஒரு மயில் தோகை விரித்து நிற்கிறது. இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வராத ஒரு ராணி, இந்தியாவைத் தன் சாப்பாட்டுக் கூடத்தில் கட்டி வைத்துக்கொண்டாள் என்பது எனக்குக் கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கைவேலையைப் பார்க்கப் பார்க்க மனசு ராம் சிங் பக்கம் போய்விட்டது. பக்கத்துத் தாழ்வாரத்தில் ஸ்வோபோடா என்ற ஓவியர் வரைந்த இந்தியர்களின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலும் ராஜாக்கள் இல்லை, சாதாரண ஜனங்கள், சிறுவர்கள், கிழவர்கள், கைத்தொழில் செய்பவர்கள். 1887இல் பணியாளாக வந்து ராணிக்கு இந்துஸ்தானி கற்றுக்கொடுத்த அப்துல் கரீமின் படமும் உண்டு. அந்த முகங்களுக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அப்புறம், இன்னொரு கதை, இது நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கம். தீவின் மேற்கே ஃபிரெஷ்வாட்டர் பே என்ற இடத்தில் ‘டிம்போலா’ என்று ஒரு வீடு. இலங்கை மலையகத்துக்காரர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதுமே தெரிந்திருக்கும், திம்புள்ளதான் அது. அங்கே இந்த வீட்டுக்காரர்களின் குடும்பத்துக்குக் காப்பித் தோட்டம் இருந்ததால் அந்தப் பெயர். கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் இங்கே வாழ்ந்தார். 48 வயதில் மகள் ஒரு கேமரா வாங்கிக் கொடுக்க, கோழிக்கூண்டை ஸ்டூடியோவாகவும் கரி போடும் அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டு, உலகமே இன்றும் பேசும் படங்களை எடுத்தார். பக்கத்து வீட்டுக் கவிஞர் டென்னிசன், 1868இல் விடுமுறைக்கு வந்த டார்வின், வீட்டு வேலைக்காரப் பெண்கள் என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. 1875இல் இலங்கைக்குப் போனார், 1879இல் அங்கேயே இறந்தார், பொகவந்தலாவையில் ஒரு தேவாலயத்து மண்ணில் அடக்கம். தேயிலைக்காடு சூழ்ந்த அந்தக் கல்லறையையும் இந்தக் கடலோர வீட்டையும் ஒன்றாக நினைத்துப் பார்த்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. வீடு இப்போது அருங்காட்சியகம். திறந்திருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள், பல பயணத் திட்டங்களில் இது இருப்பதே இல்லை, கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: படத்தில் பார்க்கும் அந்த வெள்ளைப் பாறைகளைக் கிட்டே போய்ப் பார்க்க முடியுமா? எனக்கு முட்டிவலி. (வாசகி, மில்டன் கீன்ஸ்)

அவை நீடில்ஸ். தீவின் கிழக்கே கல்வர் முனையிலிருந்து மேற்குக் கடைசி வரை ஒரு சுண்ணாம்பு முதுகெலும்பு ஓடுகிறது, அது கடலுக்குள் இறங்கும் இடத்தில் அலை அரித்தது போக மிஞ்சிய மூன்று துண்டுகள்தான் இவை. கையில் தேய்த்தால் சாக்பீஸ் மாவு போல ஒட்டும். ஊசி என்று பெயர் வைத்திருக்கிறார்களே, ஊசி மாதிரி இல்லையே என்று நானும் கேட்டேன். ஊசி போல நின்ற நான்காவது பாறை 1764இல் ஒரு புயலில் விழுந்துவிட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. கடைசிப் பாறையை ஒட்டி 1859இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது.

முட்டிவலிக்கு வழி இருக்கிறது. ஆலம் பே வண்டி நிறுத்தத்திலிருந்து கம்பியில் தொங்கும் நாற்காலி இழுவை ஒன்று கடற்கரைக்கு இறங்கும், நடக்கவே வேண்டாம், உயரம் பயம் இல்லாமல் இருந்தால் போதும். கீழே மஞ்சள், சிவப்பு, பழுப்பு, வெள்ளை என்று மணல் அடுக்குகள் படுத்துக்கிடக்காமல் செங்குத்தாக நிற்பதைப் பார்க்கலாம். ஆப்பிரிக்கா ஐரோப்பாவை முட்டித் தள்ளியபோது பூமி மடிந்து எழுந்ததன் அடையாளம் அது. மேலே பழைய பீரங்கி மேட்டுக்கு, சீசனில் மாடி திறந்த பஸ் போகும். அதன் பக்கத்தில்தான் பிரிட்டன் ராக்கெட் எஞ்சின்களைச் சோதித்துப் பார்த்தது, அந்த ராக்கெட் 1971இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பிராஸ்பரோ என்ற செயற்கைக்கோளை ஏற்றியது. அதே ஆலம் பேயில் 1897இல் மார்க்கோனி கம்பியில்லாத் தந்தியைச் சோதித்திருக்கிறார். இவ்வளவு சின்ன மூலையில் இவ்வளவா என்று இருக்கும்.

நடக்க முடிந்தவர்களுக்கு மட்டும் ஒன்று. ஃபிரெஷ்வாட்டர் பேயிலிருந்து டென்னிசன் குன்று வழியாக நீடில்ஸ் வரை சுமார் ஐந்து கிலோமீட்டர். இரண்டு பக்கமும் கடல், காலுக்கடியில் மெத்தை போல புல். 147 மீட்டர் உயரத்தில் கவிஞருக்கு ஒரு கல் சிலுவை. இந்த நடைக்கு அரை நாள் ஒதுக்காத பயணத்தை நான் இனி எடுக்க மாட்டேன். காற்று ஆளைத் தள்ளும், விளிம்புக்குப் போகாதீர்கள், சுண்ணாம்பு சொல்லாமல் சரியும்.

கேள்வி: 9, 12 வயதில் இரண்டு பையன்கள். கோட்டை, மாளிகை என்றால் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். (வாசகர், ஹாரோ)

காம்ப்டன் பே கூட்டிப் போங்கள். அலை இறங்கிய நேரத்தில் ஹனோவர் முனையில் மூன்று விரல் கொண்ட டைனோசர் காலடி வார்ப்புகள் பாறையாகக் கிடக்கும். அங்கே புதைபடிவம் தேட அழைத்துப் போகும் வழிகாட்டிகள் உண்டு, அலை நேரம் தெரிந்தவர்களோடு போவதே பாதுகாப்பு. மணலில் உதிரியாகக் கிடக்கும் சின்னத் துண்டை எடுத்துப் பார்க்கலாம், மலைச்சரிவைச் சுத்தியால் தட்டக் கூடாது, அதன் அடியில் உட்காரவும் கூடாது. மரம் அடர்ந்த இடங்களில் சிவப்பு அணிலையும் தேடச் சொல்லுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த சாம்பல் அணில் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் அதை விரட்டிவிட்டது, நடுவில் கடல் இருந்ததால் இங்கே தப்பித்தது.

கோட்டையையும் விட்டுவிடாதீர்கள். காரிஸ்புரூக்கில் கழுதை பெரிய மரச் சக்கரத்துக்குள் நடந்து கிணற்றிலிருந்து வாளி இழுப்பதைக் காட்டுவார்கள். கிணறு 49 மீட்டர் ஆழம். முதலாம் சார்லஸ் மன்னரை 1647இல் இங்கேதான் சிறை வைத்தார்கள். தலை நுழைந்தால் உடம்பும் நுழையும் என்று நம்பி, அடுத்த மார்ச்சில் ஜன்னல் வழியாகத் தப்பப் பார்த்து, கம்பிகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டார். பையன்களிடம் இந்தக் கதையை முன்னாலேயே சொல்லிவிட்டால் அவர்களே ஜன்னலைத் தேடுவார்கள்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்? சைவச் சாப்பாடு? (வாசகி, கிங்ஸ்டன்)

மே, அல்லது செப்டம்பர். ஜூனில் இசைத் திருவிழா நடக்கும் வாரத்திலும், ஆகஸ்ட் தொடக்கத்தில் கவுஸ் பாய்மரப் படகுப் போட்டி வாரத்திலும் அறை கிடைப்பது கஷ்டம். குளிர்காலத்தில் பல இடங்கள் மூடியிருக்கும். சைவம் என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள், முட்டை, மீன் இரண்டும் வேண்டாம் என்று தனித்தனியாக எழுதுங்கள்.

கேள்வி: நான்கு நாளும் மழை பெய்தால்? (வாசகர், ஸ்லவ்)

ஆஸ்போர்னுக்கு நிறைய நேரம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று பிரேடிங் ரோமானிய மாளிகை, முழுக்கக் கூரைக்குள். 1879, 80 வாக்கில் தோண்டியபோது தரையில் பதித்த வண்ணக்கல் சித்திரங்கள் கிடைத்தன. கிரேக்கப் புராணத்து மெடூசாவின் தலை, வீணை போன்ற ஒன்றை மீட்டும் ஆர்ஃபியஸ், அப்புறம் சேவல் தலையோடு ஒரு மனிதன். அவன் யார் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை, எங்கள் குழுவில் ஆளுக்கொரு விளக்கம் சொல்லி அரைமணி நேரம் அங்கேயே நின்றோம். தனியாகப் போகிறவர்கள் இதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். பிரேடிங் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் நேராக ரைடு பாலத்து முனை, இறங்கினால் எதிரிலேயே கப்பல்.