தலைவரைக் காணோம்னா என்ன அர்த்தம்? – வாசகர் கேள்வி பதில்

இந்த வாரம் வந்த கேள்விகள்ல நிறைய பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கீங்க, சர்வாதிகார நாட்டுத் தலைவர்கள் திடீர்னு கண்ணுல படாம போறதும் அதைத் தொடர்ந்து கிளம்புற வதந்தியும். அதனால அதையெல்லாம் சேர்த்து எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: 2020-ல வட கொரியத் தலைவர் கிம் ஜாங் உன் செத்துட்டார்னு உலகம் முழுக்க நியூஸ் ஓடுச்சே, அவ்ளோ பெரிய சேனல் எல்லாம் எப்படி சார் ஏமாந்தாங்க?

ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் கொஞ்சம் ஏத்திச் சொல்லி அப்படியே மேல மேல போனதுதாங்க அது. தேதி வாரியா பாத்தா புரியும். ஏப்ரல் 11 அன்னிக்கு கட்சியோட உயர்மட்டக் குழுவான பொலிட்பீரோ கூட்டத்துல கிம் உக்காந்திருந்தாரு, அதுக்கப்புறம் ஏப்ரல் 15, அவரோட தாத்தா கிம் இல் சுங் பிறந்தநாள், வட கொரியாவுல அதைவிட பெரிய நாள் கிடையாது, தாத்தா உடலை வச்சிருக்கிற கும்சுசன் மாளிகைக்குப் போய் மரியாதை பண்ணணும், பதவிக்கு வந்ததுல இருந்து ஒரு வருஷம்கூட அவர் அதைத் தவறவிட்டதில்ல, அந்த வருஷம் வரல. அதுல சந்தேகம் வந்தது நியாயம்தான், நானா இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

சியோல்ல இருந்து நடக்குற டெய்லி என்கேங்கிற செய்தித் தளம் ஏப்ரல் 20 அன்னிக்கு, உள்நாட்டுல இருக்குற ஒரே ஒரு ஆள் சொன்னதை வச்சு, கிம்முக்கு இதய ரத்தக்குழாய் சிகிச்சை நடந்துச்சு, இப்போ தேறிட்டு வராருன்னு எழுதுச்சு. தேறிட்டு வராருன்னுதான் இருந்துச்சு, கவனிங்க. அடுத்த சில மணி நேரத்துல அமெரிக்க சேனல் சி.என்.என்., அவர் உயிருக்கு ஆபத்துன்னு உளவுத் தகவல் வந்திருக்கு, அமெரிக்கா அதைக் கவனிச்சுட்டு இருக்குன்னு போட்டாங்க, அங்கிருந்து சோஷியல் மீடியாவுல மூளைச்சாவுன்னு ஆச்சு, வார இறுதிக்குள்ள ஆளே இல்லைன்னு முடிச்சுட்டாங்க. வட கொரியாவுல இருந்து தப்பிச்சு வந்து அந்த மாசம்தான் தென் கொரிய எம்.பி.யா ஜெயிச்சிருந்த ஜி சியோங் ஹோ, செத்துட்டார்னு 99 சதவீதம் உறுதின்னு சொன்னாரு. நடுவுல வட கொரியாவை ஆராயுற 38 நார்த்ங்கிற இணையதளம் சாட்டிலைட் படம் வெளியிட்டுச்சு, கிம் குடும்பத்தோட தனி ரயில் மாதிரி ஒண்ணு வோன்சான் கடற்கரை ஸ்டேஷன்ல நிக்குதுன்னு. அவங்க ரொம்ப நேர்மையா, இதை வச்சு அவர் உடம்பு எப்படி இருக்குன்னு சொல்ல முடியாதுன்னும் கூடவே எழுதியிருந்தாங்க, அந்த வரியை யாரும் எடுத்துப் போடல.

மே 1 அன்னிக்கு சுன்சோன்ல உரத் தொழிற்சாலை திறப்பு விழாவுல கிம் ரிப்பன் வெட்டினாரு, மறுநாள் அரசு செய்தி நிறுவனம் போட்டோவோட போட்டுடுச்சு. ஜி சியோங் ஹோ மன்னிப்பு கேட்டாரு. இதுல எனக்கு முக்கியமா படுறது என்னன்னா தென் கொரிய அரசாங்கம் ஆரம்பத்துல இருந்தே வழக்கத்துக்கு மாறா எதுவும் நடக்கலன்னு ஒரே பதிலைத்தான் சொல்லிட்டு இருந்துச்சு, அந்தப் பதில்ல சுவாரஸ்யம் இல்லைங்கிறதால யாரும் காது கொடுக்கல.

கேள்வி: அப்போ அரசாங்கம் சொல்றதை நம்பிட்டா போதும், இல்லையா?

அதுவும் இல்லைங்க. இதே தென் கொரியாவுல 1986 நவம்பர்ல பாதுகாப்பு அமைச்சகமே, அப்போ வட கொரியத் தலைவரா இருந்த கிம் இல் சுங் சுட்டுக் கொல்லப்பட்டதா எல்லையில இருக்குற வட கொரிய ஒலிபெருக்கி சொல்லுதுன்னு அறிவிச்சுச்சு. நவம்பர் 18 அன்னிக்கு மங்கோலியத் தலைவரை வரவேற்க பியாங்யாங் ஏர்போர்ட்டுக்கு அவரே வந்து நின்னாரு. அவர் இறந்தது அதுக்கு எட்டு வருஷம் கழிச்சு, 1994 ஜூலைல.

இன்னொரு பக்கம் பாருங்க. 2011 டிசம்பர் 17 காலையில, அப்போ தலைவரா இருந்த கிம் ஜாங் உன்னோட அப்பா கிம் ஜாங் இல் இறந்துட்டாரு, டிசம்பர் 19 மதியம் செய்தி வாசிப்பாளர் ரி சுன் ஹீ கறுப்பு உடையில டிவியில வந்து சொல்ற வரைக்கும் வெளி உலகத்துக்குத் தெரியாது. நடுவுல தென் கொரிய அதிபர் லீ மியுங் பாக் ஜப்பான் போய்ட்டு சாவகாசமா திரும்பி வந்திருக்காரு. சாகாதப்போ நாள் கணக்கா செத்துட்டார்னு கத்தின உலகம், நிஜமாவே செத்தப்போ ரெண்டு நாள் ஒண்ணும் தெரியாம இருந்திருக்கு. வதந்தி எவ்ளோ சத்தமா இருக்குங்கிறதுக்கும் உள்ள என்ன நடக்குதுங்கிறதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு நான் சொல்றது இதை வச்சுத்தான்.

கேள்வி: 2022-ல சீனாவுல ராணுவப் புரட்சி, ஷி ஜின்பிங் வீட்டுக்காவல்னு எங்க வாட்ஸ்அப் குரூப் ஃபுல்லா வந்துச்சு. அதுல கொஞ்சமாச்சும் உண்மை இருந்துச்சா?

இல்ல. செப்டம்பர் நடுவுல ஷி உஸ்பெகிஸ்தான்ல சமர்கண்ட் நகரத்துல நடந்த மாநாட்டுக்குப் போய்ட்டு வந்தாரு, வெளிநாடு போய்ட்டு வந்தா தனிமைப்படுத்திக்கணும்னு அப்போ அங்க கடுமையான கொரோனா விதி, அதனால சில நாள் வெளிய தெரியல. அதே வாரம் முன்னாள் நீதித்துறை அமைச்சர் ஃபூ செங்குவாவுக்கு ரெண்டு வருஷ ஒத்திவைப்போட மரண தண்டனை கொடுத்தாங்க, அதையும் இதையும் முடிச்சுப் போட்டு, கூட ஒரு ராணுவ வண்டி வீடியோவையும் சேர்த்து விட்டுட்டாங்க. ட்விட்டர்ல அதை அதிகமா பரப்பினதுல இந்தியக் கணக்குகளுக்குப் பெரிய பங்கு உண்டு, நமக்குப் பிடிக்காத நாட்டுல நடக்கணும்னு நாம ஆசைப்படுறது நடந்துடுச்சுன்னு நம்ப ரொம்ப ஈஸி. செப்டம்பர் 27 அன்னிக்கு பெய்ஜிங்ல ஒரு கண்காட்சிக்கு வந்தாரு, அடுத்த மாசம் கட்சி மாநாட்டுல மூணாவது முறையா பொதுச்செயலாளர் ஆனாரு.

கேள்வி: நிஜமாவே ஏதோ ஆகியிருக்குன்னு எதை வச்சு கண்டுபிடிக்கிறது?

ஆளைத் தேடாதீங்க, அந்த அரசாங்கம் வழக்கத்துக்கு மாறா என்ன செய்யுதுன்னு பாருங்க. 1982 நவம்பர் 10 ராத்திரி சோவியத் டிவியில போட வேண்டிய கச்சேரியை எடுத்துட்டு சோகமான இசையைப் போட்டாங்க, செய்தி வாசிக்கிறவங்க இருண்ட நிற உடையில வந்தாங்க, யாரோ பெரியவர் போய்ட்டாருன்னு ஜனங்களுக்கே புரிஞ்சிருச்சு, சோவியத் தலைவர் பிரஷ்நேவ் இறந்ததை மறுநாள்தான் சொன்னாங்க. 2016-ல உஸ்பெகிஸ்தான் இன்னும் தெளிவான உதாரணம். அதிபர் கரிமோவோட உடம்பைப் பத்தி வாயே திறக்காத அரசாங்கம், அவர் ஆஸ்பத்திரியில இருக்காருன்னு ஆகஸ்ட் 28 அன்னிக்கு தானா அறிவிச்சுச்சு, மறுநாள் அவர் மகள் இன்ஸ்டாகிராம்ல மூளையில ரத்தக்கசிவுன்னு போட்டாங்க, செப்டம்பர் 1 சுதந்திர தினத்துக்கு அவரோட உரையை வேற ஒருத்தர் டிவியில வாசிச்சாரு. கடைசியில துருக்கி பிரதமர் கேமரா முன்னாடியே இரங்கல் சொல்லிட்டாரு, அதுக்கு அப்புறம்தான் உஸ்பெகிஸ்தான் அரசாங்கம் ஒத்துக்கிச்சு. வெறுமனே நாலு நாள் போட்டோ வரலைங்கிறது இதுக்குப் பக்கத்துலகூட வராது.

கேள்வி: ஒரு மெடிக்கல் அறிக்கை விட்டா முடிஞ்சு போற விஷயத்தை ஏன் சார் இப்படி மூடி மறைக்கிறாங்க?

அடுத்தது யாருன்னு கேள்வி வந்துடும்னு பயம். எல்லா அதிகாரமும் ஒரே ஆள்கிட்ட இருக்குற இடத்துல அவருக்கு பிரஷர் ஏறுதுங்கிறதே ராணுவத்துக்கும் கட்சிக்கும் குடும்பத்துக்கும் ஒரு சிக்னல். அந்தப் பயத்துல நியாயமே இல்லைன்னு சொல்ல முடியாது. ஆப்பிரிக்க நாடான காபோன்ல அப்போ அதிபரா இருந்த அலி பாங்கோ 2018 அக்டோபர்ல சவுதி தலைநகர் ரியாத்ல பக்கவாதம் வந்து படுத்தாரு, முதல்ல வெறும் களைப்புன்னு சொன்னாங்க, வருஷம் பிறக்கும்போது மொராக்கோவுல இருந்து ஒரு வீடியோ உரை வந்துச்சு, அதைப் பாத்து சந்தேகம் கூடினதுதான் மிச்சம். 2019 ஜனவரி 7 அன்னிக்கு சில ராணுவ வீரர்கள் அரசு ரேடியோவைப் பிடிச்சு, அந்த உரையையே காரணமா சொல்லி ஆட்சியை எடுத்துக்கப் பாத்தாங்க, சில மணி நேரத்துல அடக்கிட்டாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, நோயைவிட அதை மறைச்ச விதம்தான் அவங்க கையில ஆயுதமா ஆச்சு.

கேள்வி: ஏதோ ஒரு நாட்டுத் தலைவர் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? நமக்கு இது டைம்பாஸ் நியூஸ்தானே?

நமக்கு வேணா டைம்பாஸா இருக்கலாம், அந்த நாட்டு ஜனங்களுக்கு அப்படி இல்லைங்க, இதைக் கேட்டதுல எனக்கு வருத்தம்தான். தான்சானியா அதிபர் மகுஃபுலி 2021 பிப்ரவரி 27-க்கு அப்புறம் வெளிய வரல. கொரோனா பரவிட்டு இருந்த நேரம், அது நாட்டுலயே இல்லைன்னு சொன்ன தலைவர் அவர், அதனால அவருக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்க வேண்டியது ஜனங்களோட உயிர்ப் பிரச்சினை. எதிர்க்கட்சித் தலைவர் டுண்டு லிஸ்ஸு, அதிபர் எங்க இருக்காருன்னு வெளிப்படையா கேட்டாரு. பிரதமர் மஜாலிவா, அதிபர் நல்லா இருக்காரு, வேலை பாத்துட்டு இருக்காருன்னு சொன்னாரு. அவருக்கு உடம்பு சரியில்லன்னு சோஷியல் மீடியாவுல எழுதின சிலரை போலீஸ் பிடிச்சுட்டுப் போனாங்க. மார்ச் 17 ராத்திரி துணை அதிபர் சாமியா சுலுஹு ஹசன் டிவியில வந்து, இதயக் கோளாறால அதிபர் இறந்துட்டார்னு அறிவிச்சாங்க.

அந்த நாட்டு அரசியல் சாசனத்துல அதிபர் இறந்தா துணை அதிபர்தான் மீதிக் காலத்துக்குப் பொறுப்பேற்கணும்னு தெளிவா எழுதியிருக்கு, மார்ச் 19 அன்னிக்கு அவங்களும் பதவி ஏத்துக்கிட்டாங்க, ஒரு கலவரமும் இல்ல. அவர் ஆஸ்பத்திரியில இருக்கும்போதே உள்ளதைச் சொல்லியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும், உண்மையை எழுதினவங்களைத் தேடிப் பிடிச்சு உள்ள போட வேண்டிய அவசியமே இருந்திருக்காது.