மருந்து அடியில் படிகிறது, ஆடு தேறவில்லை

கேள்வி: செங்குன்றம் பக்கம் பதினோரு வெள்ளாடு வளர்க்கிறேன். மழை முடிந்ததும் எல்லாவற்றுக்கும் அல்பெண்டசோல் குடற்புழு மருந்து ஊற்றினேன். மூன்று வாரம் ஆகியும் நான்கு ஆடு மெலிவாகவே இருக்கிறது. ஒன்றுக்குத் தாடைக்குக் கீழே பை போலத் தொங்குகிறது. மருந்தும் கரையாமல் பாட்டிலின் அடியில் சுண்ணாம்பு மாதிரி படிந்து கிடக்கிறது. மனிதர்கள் இதே மருந்தைக் கொழுப்புச் சாப்பாட்டோடு சாப்பிட்டால் உடம்பில் நன்றாகச் சேரும் என்று மருந்துக்கடையில் சொன்னார்கள். வெந்நீரிலோ நல்லெண்ணெயிலோ கலந்து கொடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம் ஐயா. முதலில் தாடை தொங்கும் ஆட்டின் கீழ் இமையை விரித்துப் பாருங்கள். வெள்ளைத் தாள் போல இருந்தால் இரத்தம் வற்றிவிட்டது என்று அர்த்தம். ஆட்டின் வயிற்றில் உள்ள நான்கு அறைகளில் கடைசியான நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொள்ளும் இரத்தம் உறிஞ்சும் புழு ஒன்று நாளைக்கு 0.05 மி.லி. வரை குடிக்கும், ஆயிரம் புழு இருந்தால் தினமும் 50 மி.லி. போகும். அந்த ஆட்டை இன்றே பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். மருந்துக்கு முன் பட்டினி போடுவதைப் பற்றிக் கீழே சொல்கிறேன், அது இந்த ஆட்டுக்கு வேண்டாம்.

சரி, மருந்துக்கு வருவோம். அல்பெண்டசோல் தண்ணீரில் கரையாத சரக்கு. வெந்நீர் ஊற்றினாலும் கரையாது. அதனால்தான் மிக நுண்ணிய தூளாக அரைத்துக் குழம்பாக விற்கிறார்கள். கல் உப்பைவிடத் தூள் உப்பு சீக்கிரம் கரைகிற கதைதான். நிற்க வைத்தால் தூள் அடியில் இறங்கும், அது மருந்தின் குறையல்ல. குலுக்காமல் ஊற்றினால் முதல் ஆட்டுக்குத் தெளிந்த நீர்தான் போகும், கடைசி ஆட்டுக்கு வண்டல் முழுவதும் போகும். உங்கள் நான்கு ஆடும் வரிசையில் முன்னால் நின்றவையா என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு ஆட்டுக்கும் சிரிஞ்சில் எடுக்கும் முன் பாட்டிலைக் குலுக்க வேண்டும்.

கடையில் சொன்னது மனிதருக்கு உண்மைதான். கொழுப்போடு சாப்பிட்டால் இரத்தத்தில் சேரும் அளவு சுமார் ஐந்து மடங்கு வரை கூடும். கொழுப்பைச் செரிக்க வரும் பித்தநீர் மருந்தையும் கரைக்க உதவுகிறது. ஆட்டின் வயிறு வேறு ஏற்பாடு. மருந்து முதலில் முதல் அறையான பெரிய வயிற்றில் இறங்கித் தழைத் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். அங்கே புளிப்பு குறைவு, அதிகம் கரையாது. கொஞ்சம் கொஞ்சமாக நான்காம் இரைப்பைக்கு நகர்ந்து, அங்குள்ள அமிலத்தில்தான் கரைகிறது. ஆக, இந்த மருந்துக்கு நேரம்தான் கரைப்பான். வயிறு நிறைய பச்சைத் தழை தின்ற ஆட்டில் எல்லாம் வேகமாகத் தள்ளப்பட்டு, மருந்து முழுதும் கரையுமுன் புழுக்கையோடு வெளியேறிவிடும்.

அதனால் திடமான ஆடுகளுக்கு முந்தின இரவு தீவனத்தை நிறுத்துங்கள், தண்ணீர் மட்டும் இருக்கட்டும். காலையில் மருந்து கொடுத்துச் சில மணி நேரம் கழித்துத் தீவனம் போடலாம். சினை ஆட்டுக்கு இந்தப் பட்டினி கூடாது. சினையின் ஆரம்பத்தில் அல்பெண்டசோலே கூடாது, குட்டிக்கு ஊனம் வரும்.

ஊற்றும் இடமும் முக்கியம். சிரிஞ்சின் முனையைக் கடைவாய் வழியாக விட்டு நாக்கின் பின்பகுதியில் ஊற்றுங்கள். நுனி நாக்கில் ஊற்றினால் சில ஆட்டில் பால்குடிக்கும் குட்டிக்குத் திறக்கிற குறுக்குவழி திறந்து, பெரிய வயிற்றைத் தாண்டி மருந்து போய்விடும். தலையை வானத்துக்குத் தூக்கிப் பிடிக்காதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும்.

அப்புறம் அளவு. வெள்ளாட்டின் கல்லீரல் செம்மறியைவிட வேகமாக இந்த மருந்தைக் கழிக்கும். செம்மறி அளவு இதற்குப் போதாது. கிலோவுக்கு 10 மி.கி. என்று மருத்துவர் எழுதினால், 2.5 சதவீதக் குழம்பில் 20 கிலோ ஆட்டுக்கு 8 மி.லி. வரும். கண் மதிப்பில் சொல்லாமல் தராசில் எடை போடுங்கள். பெரும்பாலும் நாம் எடையைக் குறைத்துத்தான் நினைக்கிறோம்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் தேறவில்லை என்றால் புழுக்கள் இந்த மருந்துக்குப் பழகியிருக்கலாம். மருந்து கொடுக்கும் அன்றும் பதினான்காம் நாளும் அதே ஆடுகளின் புழுக்கையைத் தனித்தனி பையில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முட்டை எண்ணிக்கை 95 சதவீதம் குறையவில்லையென்றால் மருந்தை மாற்றச் சொல்வார்கள். தண்ணீரில் நன்றாகக் கரைகிறதே என்று லெவமிசோல் என்ற வேறு குடற்புழு மருந்தை நீங்களாக வாங்கி ஊற்ற வேண்டாம், அதில் அளவு கொஞ்சம் கூடினாலும் நுரை தள்ளி நடுங்கும். பக்ரீத்துக்கு விற்கும் கிடா என்றால், இறைச்சிக்கு எத்தனை நாள் இடைவெளி என்று லேபிளில் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.