உறைக்குள் துருப்பிடித்த கார்பன் ஸ்டீல் கத்தி

1095 ரக கார்பன் ஸ்டீல் கத்தியை மழைக்காலம் முழுக்கத் தோல் உறையிலேயே வைத்திருந்ததில் அலகில் துருப்புள்ளிகள், உறையின் பித்தளை ரிவெட்டில் பச்சைப் பிசுக்கு. தேங்காய் எண்ணெய் பூசியதும் உறை தளர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். கவலை வேண்டாம், கத்தி தேறிவிடும்.

மிக மெல்லிய 0000 ஸ்டீல் வுல்லில் மினரல் ஆயில் தொட்டு அலகின் நீளவாக்கில் தேயுங்கள். சாம்பல் கறை மிஞ்சினால் விட்டுவிடுங்கள், அது துருவை ஓரளவு தடுக்கும். பச்சைப் பிசுக்கு, பித்தளையின் செம்பு தோலிலுள்ள கொழுப்போடு வினைபுரிந்து வருவது. பழைய டூத் பிரஷ் போதும்.

உண்மையான காரணம் உறைதான். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பதனிடும்போது சேர்த்த அமிலமும் உப்பும் அதில் மிச்சமிருக்கலாம். அதனால் வீட்டில் கத்தியைத் துடைத்து, எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே வையுங்கள். தயவுசெய்து இனி உறைக்கு எண்ணெய் வேண்டாம், தோல் இன்னும் தொய்யும். தேன்மெழுகு பாலிஷை வெளிப்பக்கம் மட்டும் மெல்லிசாகப் பூசினால் போதும்.

தளர்வுக்கு ஒரு வழி உண்டு, ஆனால் மரப்பட்டை போன்ற தாவரத் துவர்ப்பொருளில் பதனிட்ட (வெஜிடபிள் டேன்) தோலாக இருக்க வேண்டும். உறையை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, கத்தியை கிளிங் ஃபிலிமில் பல சுற்று சுற்றிச் செருகி, விரலால் அழுத்தி வடிவம் கொடுங்கள். வடிவம் நின்றதும் கத்தியை எடுத்துவிட்டு நிழலில் காயவிடுங்கள். வெயிலும் ஹேர் டிரையரும் கூடவே கூடாது, தோல் விறைத்து வெடிக்கும். எண்ணெய் ஊறிய இடம் தண்ணீரைச் சரியாக ஏற்காது, அங்கே பலன் குறைவாகத்தான் இருக்கும்.