வாசகர் கேள்வி – பதில்: மேடைக்கு முன் ஒரு மேசை

கேள்வி: எங்கள் நகர மையத்தின் வரலாற்றை அங்கு வாழும் மக்களோடு சேர்ந்து கொண்டாட விரும்புகிறோம். வரலாற்றறிஞர் ஒருவரின் உரைக்கும் பழைய படங்களின் கண்காட்சிக்கும் ஏற்பாடு செய்திருக்கிறோம். இது போதுமா?

பதில்: உரையும் கண்காட்சியும் இருக்கட்டும், அவற்றைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். முதலில், ஆள் நடமாட்டம் மிகுந்த இடத்தில் ஒரு மேசையும் ஸ்கேனரும் போட்டு, வீட்டிலுள்ள பழைய புகைப்படங்களைக் கொண்டுவரும்படி கேளுங்கள். படங்களை வாங்கி வைத்துக்கொள்வதாகச் சொன்னால் பலர் தயங்குவார்கள். கண்ணெதிரே ஸ்கேன் செய்து கையோடு திருப்பித் தருவதாக அறிவித்தால் ஆல்பத்தோடு வருவார்கள். சிறிய படங்களை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவிலாவது பதிவு செய்யுங்கள்; அப்போதுதான் பெரிதாக்கிப் பார்க்க முடியும். திருமணக் குழுப்படம் என்று தரப்படும் ஒன்றில், மணமக்களைவிட அவர்களுக்குப் பின்னால் பாதி மறைந்து தெரியும் கடைப் பெயர்ப்பலகைதான் உங்களுக்குப் பயன்படும். படத்தின் பின்புறம் பேனாவால் எழுத வேண்டாம். அழுத்தம் முன்பக்கத்தில் தழும்பாக விழும். எண்ணிட்டுத் தனித்தாளில் குறியுங்கள்.

மேசையைச் சுற்றி நிற்பவர்கள், "இல்லையில்லை, தையற்கடை அதற்கு அடுத்தது" என்று ஒருவரையொருவர் திருத்திக்கொள்ளும் பேச்சை அவர்களுடைய இசைவோடு ஒலிப்பதிவு செய்யுங்கள். எந்த உரையிலும் கிடைக்காத செய்திகள் அதில் கிடைக்கும். எது எதற்கு அருகில் இருந்தது என்பதில் மனித நினைவை ஓரளவு நம்பலாம்; ஆண்டு என்று வந்தால் அது தடுமாறும். ஆகவே ஆண்டுகளை வரிப் பதிவேடு, பழைய நாளிதழ் விளம்பரம், நிலவரைபடம் ஆகியவற்றோடு ஒப்பிட்ட பிறகே வரலாற்றுப் பலகையில் ஏற்றுங்கள். (கல்லில் பொறித்த பிழையைத் திருத்துவதற்காக ஒரு விழாக்குழு மீண்டும் கூடியதாக நான் கேள்விப்பட்டதில்லை.)

வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடங்களை அன்று ஒரு நாளாவது திறந்துவிடச் சொல்லிக் கேளுங்கள். பிரான்ஸ் 1984இல் இப்படித் தொடங்கிய முயற்சியே இன்று, பல நாடுகளில் ஆண்டுதோறும் பழைய கட்டடங்களை மக்களுக்குத் திறந்துவிடும் ஐரோப்பிய மரபு நாட்களாக விரிந்திருக்கிறது.

கேள்வி: கசப்பான நிகழ்வுகளைத் தவிர்த்துவிடலாம் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். சரியா?

பதில்: சரியல்ல. ஆனால் அவற்றை எப்படிச் சொல்வது என்பதைக் குழு தனியாக முடிவு செய்யக்கூடாது. ஜெர்மானியக் கலைஞர் குன்டர் டெம்னிக், நாஜி ஆட்சியில் கொல்லப்பட்டவர்களும் துரத்தப்பட்டவர்களும் வாழ்ந்த வீடுகளின் முன், ஏறத்தாழ 10 செ.மீ. சதுரப் பித்தளைத் தகடு பதித்த கற்களை நடைபாதையிலேயே பதித்து வருகிறார். பல நகரங்கள் வரவேற்ற அந்தக் கற்களை மியூனிக் நகராட்சி 2004இல் பொது இடங்களில் அனுமதிக்க மறுத்தது. இறந்தோரின் பெயர்கள் காலில் மிதிபடும் என்று அங்குள்ள யூதச் சமூகத் தலைமையே எதிர்த்ததும், வேறு சில குடும்பங்கள் கற்களை விரும்பிக் கேட்டதும் நெடுநாள் விவாதமாயிற்று. கடைசியில், 2018 முதல் அந்நகரம் வீட்டுச் சுவர்களிலும் கம்பங்களிலும் பார்வை மட்டத்தில் நினைவுத் தகடுகளைப் பொருத்தி வருகிறது.

உங்கள் ஊரிலும் பாதிக்கப்பட்டோரின் குடும்பத்தாரைத் தேடிச் சென்று, பலகை வேண்டுமா, வேண்டுமென்றால் எங்கே, எந்தச் சொற்களில் என்று கேளுங்கள். அச்சுக்குப் போகும் முன் வாசகத்தை அவர்களிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.